மீன் விலையும் பந்தாட்டமும்

(மாலை நேர வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



விளையாட்டைப் பற்றிப் பேச வரவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். "எனக்கு என்ன தெரியும்? நான் பந்தைக் கையால் தொட்டதுகூட இல்லையே" என்றேன். "நீங்கள் ஒன்பது வருடம் கல்கத்தாவில் குடியிருந்தவர். பார்த்ததைச் சொல்லுங்கள், போதும்" என்றார்கள். சரி, பார்த்ததைச் சொல்லத்தானே வேண்டும் என்று வந்துவிட்டேன்.

முதலில் ஒரு கேள்வி. மீன் விலை எதனால் ஏறும்?

புயல் அடித்தால் ஏறும். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் ஏறும். பண்டிகை வந்தால் ஏறும். நீங்கள் சொன்னது எல்லாம் சரிதான். ஆனால் ஜாதவ்பூரில் இன்னொரு காரணமும் உண்டு. கால்பந்துப் போட்டியில் ஈஸ்ட் பெங்கால் அணி ஜெயித்தால் மறுநாள் காலை இலிஷ் மீன் விலை ஏறிவிடும். நம் பக்கம் உல்லம் என்று சொல்வோமே, அதே மீன்தான். முள் அதிகம், ருசியும் அதிகம். மோகன் பகான் அணி ஜெயித்தாலோ இறால் விலை ஏறும்!

முதல் முறை இதைக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். கடைக்காரர் என்னை ஏமாற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டு மாஷிமாதான் விளக்கிச் சொன்னார். வங்காளத்தில் அம்மாவின் அக்கா தங்கையை மாஷி என்பார்கள். வயதான பெண்களை மரியாதையாக மாஷிமா என்று கூப்பிடுவார்கள். அவர் சொன்ன கதையைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

ஊரை இழந்தவர்கள்

1947-ல் நாடு இரண்டாகப் பிரிந்தது. வங்காளமும் இரண்டாகப் பிரிந்தது. கிழக்கு வங்காளம் பாகிஸ்தானோடு போயிற்று. 1971-ல் அதுதான் வங்காளதேசம் ஆனது. அங்கிருந்து லட்சக்கணக்கான குடும்பங்கள் கல்கத்தாவுக்கு வந்தன. வீடு போயிற்று, நிலம் போயிற்று. ரயில் நிலையங்களில் படுத்துக் கிடந்தார்கள்.

அப்போது ஜாதவ்பூர், நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருந்த பகுதி. சதுப்பும் குளமும் காலி நிலமுமாகக் கிடந்தது. போரின்போது ராணுவம் தங்கிவிட்டுப் போன கொட்டகைகளும் இருந்தன. வந்தவர்கள் அங்கே மூங்கில் நட்டு, ஓலை போட்டுக் குடியேறினார்கள். பிஜய்கர், ஆசாத்கர் என்று அந்தக் காலனிகளுக்குப் பெயர் வைத்தார்கள். பிஜய் என்றால் வெற்றி. ஆசாத் என்றால் விடுதலை பெற்றவர். கையில் காசில்லாதவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள்!

மாஷிமா பரிசால் மாவட்டத்திலிருந்து வந்தவர். வரும்போது அவருக்கு எட்டு வயதாம். "உள்ளூர்க்காரர்கள் எங்களைப் பாங்கால் என்று கேலி செய்தார்கள். எங்கள் பேச்சைக் கேலி செய்தார்கள். எங்கள் சமையலையும் விடவில்லை. நாங்கள் எங்கே போய் முட்டிக்கொள்வது? அப்போது எங்கள் ஊர்ப் பெயரில் ஒன்றே ஒன்றுதான் கல்கத்தாவில் இருந்தது. அது ஒரு பந்தாட்ட கிளப்" என்றார்.

அதுதான் ஈஸ்ட் பெங்கால். 1920-ல் தொடங்கிய கிளப். சிவப்பும் பொன்னிறமும் அதன் நிறம். தீப்பந்தம் அதன் சின்னம். ஊரோடு இருந்தவர்களின் கிளப் மோகன் பகான். அது 1889-லேயே தொடங்கிவிட்டது. பச்சையும் அரக்குச் சிவப்பும் அதன் நிறம். கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு இலிஷ், இங்கே இருந்தவர்களுக்கு இறால். விலை ஏன் ஏறுகிறது என்று இப்போது புரிகிறதா?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அகதிகளாக வந்தவர்கள் தலை நிமிர்ந்தது 1949 முதல் 1951 வரை. அந்த மூன்று வருடமும் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயத்தை ஈஸ்ட் பெங்கால் வென்றது. யார் ஜெயித்துக் கொடுத்தார்கள் தெரியுமா? அப்பா ராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேர். பஞ்ச பாண்டவர்கள் என்றே ஊர் அவர்களுக்குப் பெயர் வைத்தது. ஐந்து பேரும் தென்னிந்தியாவிலிருந்து போனவர்கள். ஒருவருக்கும் வங்காளம் தாய்மொழி இல்லை. ஐவரில் இருவர் முஸ்லிம்கள். மதத்தின் பெயரால் பிரிந்த நாட்டில், அதனால் ஊரை இழந்தவர்கள், அந்த இருவரையும் சேர்த்துத்தான் பஞ்ச பாண்டவர் என்று கொண்டாடினார்கள்.

"நீ மதராஸ் பக்கமா? அப்படியென்றால் நீ எங்கள் கட்சி" என்று மாஷிமா என்னிடம் சொன்னதற்குக் காரணம் இதுதான். எனக்கு அதுவரை எந்தக் கட்சியும் கிடையாது. அன்று முதல் நானும் இலிஷ் கட்சி.

வெறுங்காலும் மழையும்

கால்பந்து வெள்ளைக்காரர் கொண்டுவந்தது. கிரிக்கெட்டும் அவர்கள் கொண்டுவந்ததுதான். இரண்டும் கல்கத்தாவின் மைதானத்தில்தான் வேர் பிடித்தன. மழைக்காலத்தில் கால்பந்து, பனிக்காலத்தில் கிரிக்கெட். சேற்றில் பந்து உதைக்கலாம், ஆனால் பேட்டிங் செய்ய முடியாதே! ஒரே ஆள் இரண்டும் ஆடியதும் உண்டு. சூனி கோஸ்வாமி என்று ஒருவர். 1962-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியக் கால்பந்து அணி தங்கம் வென்றது. அதற்கு அவர்தான் கேப்டன். பிறகு அவரே வங்காள கிரிக்கெட் அணிக்கும் கேப்டனாகி, 1972-ல் ரஞ்சிக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை கொண்டு போனார்.

செலவில்தான் பெரிய வித்தியாசம். கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், காலுக்குத் தடுப்பு வேண்டும், கையுறை வேண்டும், நாள் கணக்கில் நேரம் வேண்டும். கால்பந்துக்கு ஒரு பந்து போதும். இருபத்திரண்டு பேர் ஆடலாம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கூலி வேலை முடித்துவிட்டு வந்தும் பார்க்கலாம்.

1911 ஜூலை 29-ஆம் தேதி மோகன் பகான் ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை 2-1 என்று தோற்கடித்தது. ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்பது அந்த அணியின் பெயர். எதிரே பூட்ஸ் கால்கள். நம் பக்கம் பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். ஆள்பவனைச் சட்டப்படி, நடுவர் முன்னிலையில் தோற்கடிக்க முடியும் என்று அன்று ஊர் தெரிந்துகொண்டது. மாஷிமா இலிஷ் கட்சிதான். ஆனாலும் இந்த ஒரு வெற்றியை மட்டும் "எங்கள் வெற்றி" என்றே சொல்வார்.

1934 முதல் 1938 வரை ஐந்து வருடம் தொடர்ந்து கல்கத்தா லீகை வென்றது முகமதன் ஸ்போர்ட்டிங். அதுவும் அந்த ஊர்க் கிளப்தான். மூன்று கிளப்புக்கும் மூன்று விதமான ஜனங்கள், மூன்று விதமான கோபம், மூன்று விதமான பெருமை.

தோற்றவர் வீட்டில் என்ன நடக்கும்?

இதைத்தான் நான் கவனித்துப் பார்த்தேன். ஜெயித்தவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். பட்டாசு வெடிப்பார்கள், இனிப்புக் கொடுப்பார்கள். தோற்றவர்களைப் பார்த்தால்தான் அந்த விளையாட்டு எப்படிப்பட்டது என்று தெரியும்.

1997 ஜூலை 13. ஞாயிற்றுக்கிழமை. சால்ட் லேக் மைதானத்தில் பெடரேஷன் கோப்பை அரையிறுதி. ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. பார்க்க வந்தவர்கள் 1 லட்சத்து 31 ஆயிரம் பேர். எங்கள் தெருவில் ஆண்பிள்ளை ஒருவர்கூட இல்லை. சிக்கிமைச் சேர்ந்த பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். 4-1 என்று ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது.

எங்கள் மாடியில் இருந்தவர் இறால் கட்சி. மறுநாள் பால் வாங்க அவர் கீழே வரவில்லை. மகனை அனுப்பினார். தெருவே பையனைப் பார்த்துச் சிரித்தது. மாலையில் மாஷிமா ஒரு கிண்ணத்தில் கடுகு அரைத்து வைத்த இலிஷ் குழம்பைக் கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் வைத்தார். கேலிக்குத்தான். ஆனால் கிண்ணம் காலியாகத் திரும்பி வந்தது! அடுத்த முறை அவர்கள் ஜெயித்தபோது அதே கிண்ணத்தில் இறால் வந்தது.

இப்போது இன்னொரு நாளைச் சொல்கிறேன். 1996 மார்ச் 13. ஈடன் கார்டன் மைதானத்தில் கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதி. இந்தியாவும் இலங்கையும் ஆடின. அன்று இலிஷ் கட்சியும் இல்லை, இறால் கட்சியும் இல்லை. எல்லோரும் ஒரே கட்சி. மாஷிமா வீட்டில் டிவி முன்னால் இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். இலங்கை 251 ரன் எடுத்தது. இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 98 என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. டெண்டுல்கர் அவுட் ஆனார். அவ்வளவுதான், சீட்டுக்கட்டு சரிந்த மாதிரி 120-க்கு எட்டு விக்கெட். மைதானத்துக்குள் பாட்டில்கள் பறந்தன. இருக்கைகளுக்குத் தீ வைத்தார்கள். ஆட்டத்தை நிறுத்தி, இலங்கை வென்றதாக அறிவித்துவிட்டார்கள். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியே போனார்.

நானும் அழுதேன். மாடி வீட்டுக்காரரும் கீழே எங்களோடுதான் இருந்தார். யாரைக் கேலி செய்வது? யாருக்குக் குழம்பு கொண்டுபோவது? ஜெயித்தவர்கள் நம் தெருவிலேயே இல்லையே! அந்தக் கோபம் போக இடம் இல்லாமல் நம் ஆட்டக்காரர்கள் மேலேயே திரும்பிற்று.

கிளப் கால்பந்தில் எதிரி பக்கத்து வீட்டில் இருக்கிறான். அவன் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டும். அதனால் கோபத்துக்கு ஒரு எல்லை வந்துவிடுகிறது. நம் கிரிக்கெட்டிலோ நாடு முழுவதும் ஒரே பக்கம் நிற்கிறது. எதிரி எங்கோ தூரத்தில் இருக்கிறான். தோற்றால் அடி நம் ஆள் மேலேயே விழுகிறது.

அப்படியானால் கால்பந்து நல்லது, கிரிக்கெட் கெட்டதா? இல்லை, அவசரப்பட வேண்டாம். நாட்டின் பெயரால் ஆடும்போது கால்பந்தும் இப்படித்தான். 1950-ல் பிரேசில் தன் சொந்த ஊரில் உருகுவேயிடம் தோற்றது. பழி எல்லாம் கோல்கீப்பர் பார்போசா மேல் விழுந்தது. அவர் 2000-ல் சாகும் வரை அந்தப் பழி போகவில்லை. 1994-ல் கொலம்பியா நாட்டு வீரர் எஸ்கோபார், உலகக் கோப்பையில் தவறுதலாகத் தன் பக்கமே கோல் போட்டுவிட்டார். ஊர் திரும்பிய சில நாளில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இது பந்தின் குற்றம் இல்லை. ஒரு விளையாட்டின் தலையில் ஒரு நாட்டின் மானத்தையே ஏற்றிவைக்கிறோமே, அதன் குற்றம்.

பக்கத்து வீட்டு எதிரி என்றால் எப்போதும் குழம்புக் கிண்ணம்தான் என்றும் நினைக்காதீர்கள். 1980 ஆகஸ்ட் 16-ஆம் தேதி இதே இரண்டு கிளப்புகளும் ஈடன் கார்டனில் ஆடின. பார்வையாளர் பகுதியில் கலவரம் வந்தது. நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். மாஷிமாவின் வீட்டுக்காரர் அன்று இரவு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாராம். மற்றொரு செருப்பு எங்கே விழுந்தது, எதை மிதித்துக்கொண்டு வெளியே வந்தோம் என்று அவர் கடைசி வரை சொல்லவில்லையாம். அதற்குப் பிறகு அவர் மைதானத்துக்குப் போகவே இல்லை. அந்த நாளை நினைத்து ஆகஸ்ட் 16-ல் கல்கத்தாவில் ரத்ததானம் செய்வார்கள். அவரும் வருடம் தவறாமல் கொடுத்தார்.

ஒரே ஆட்டம், இரண்டு ஊர்

நம் சென்னையையும் சொல்ல வேண்டும். 1999 ஜனவரி 31. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 ரன் எடுத்தார். அப்படியும் 12 ரன்னில் தோற்றோம். என்ன நடந்தது? கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கை தட்டிற்று. அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து நன்றி சொன்னார்கள். டிவியில் பார்த்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த மாதமே கல்கத்தாவில் அதே பாகிஸ்தான். ஓடும்போது டெண்டுல்கர் எதிரணி வீரர் மேல் மோதி ரன் அவுட் ஆனார். கூட்டம் கொதித்தது. கடைசி நாள் போலீஸ் எல்லோரையும் வெளியேற்றியது. காலி மைதானத்தில் ஆட்டம் முடிந்தது. எங்கள் தெருவில் எல்லோரும் தலை குனிந்தார்கள்.

ஆனால் அதே கல்கத்தா இரண்டு வருடம் கழித்து, 2001-ல், லட்சுமணும் திராவிடும் நாள் முழுவதும் அவுட் ஆகாமல் ஆஸ்திரேலியாவை எதிர்த்து நின்றபோது, ஒவ்வொரு ரன்னுக்கும் பொறுமையாகக் கை தட்டிற்று. நம் சென்னையில் 2013-ல் அரசியல் காரணத்தால் இலங்கை வீரர்கள் ஐ.பி.எல். ஆட வர முடியாமல் போயிற்று. ஆகவே இந்த ஊர் இப்படி, அந்த ஊர் அப்படி என்று முத்திரை குத்த முடியாது. எங்கள் தெருவில் நான் பீற்றிக்கொண்டதை நினைத்தால் இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

வெளிநாட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெஸ்ட் இண்டீஸ் என்று கிரிக்கெட் அணி இருக்கிறதே, அந்தப் பெயரில் ஒரு நாடே கிடையாது. பல சின்னத் தீவுகள் சேர்ந்து ஆடுகின்றன. கால்பந்து என்றால் அவையே தனித்தனி நாடு. 1998 உலகக் கோப்பையில் ஜமைக்கா தனியாக ஆடியது. 2006-ல் டிரினிடாட் தனியாக ஆடியது. நாம் யார் என்பது கையில் இருப்பது மட்டையா, காலில் இருப்பது பந்தா என்பதைப் பொறுத்து மாறுகிறது!

நாங்கள் எங்கே இருந்தோம்?

இவ்வளவும் சொன்னேனே, ஒன்றைக் கவனித்தீர்களா? இந்த மைதானங்களில் பெண்கள் எங்கே? நானும் மாஷிமாவும் மீன் வாங்கினோம், குழம்பு வைத்தோம், டிவி பார்த்தோம். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட மைதானத்துக்குள் போனதில்லை.

1997 டிசம்பர் 29-ஆம் தேதி ஈடன் கார்டனில் பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. ஆஸ்திரேலியா நியூசிலாந்தைத் தோற்கடித்தது. நான் அதே ஊரில்தான் இருந்தேன். போகவில்லை. அப்படி ஒன்று நடப்பதே எனக்குத் தெரியாது. ஆனால் எல்லைக்கோட்டுப் பக்கம் பந்து பொறுக்கிப் போடும் வேலைக்கு ஒரு பதினைந்து வயதுப் பெண் நின்றிருந்தாள். நதியா மாவட்டம் சாக்தாஹா ஊர்ப் பெண். முதலில் அவளுக்குக் கால்பந்து மேல்தான் ஆசை. அன்று அந்த ஆட்டத்தைப் பார்த்து, நாமும் நாட்டுக்காக ஆட வேண்டும் என்று முடிவு செய்தாள். விடியற்காலை ரயிலைப் பிடித்துக் கல்கத்தாவுக்குப் பயிற்சிக்கு வருவாள். ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அவர்தான் ஜூலன் கோஸ்வாமி. 2022-ல் ஓய்வு பெறும்போது ஒருநாள் போட்டிகளில் 255 விக்கெட் எடுத்திருந்தார். பெண்கள் கிரிக்கெட்டில் அதுவே உலக சாதனை. 2025 நவம்பரில் நம் பெண்கள் அணி உலகக் கோப்பையை வென்றதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அணியின் விக்கெட் கீப்பர் ரிச்சா கோஷ் வங்காளத்தின் சிலிகுரிக்காரர்.

அதே 2025 ஜூலையில் நம் பெண்கள் கால்பந்து அணி தாய்லாந்தை 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இரண்டு கோலும் போட்டவர் சங்கீதா பாஸ்போர், வங்காளப் பெண். அதை எத்தனை பேர் பார்த்தீர்கள்? கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, ஒருவரும் இல்லை. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நானும் மறுநாள் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் 2001-ல் ஊர் திரும்பிவிட்டோம். மாஷிமாவின் மருமகள் போனில் பேசுவாள். 2023 ஆகஸ்டில் ஒரு நாள் இரவு போன். "அக்கா, உங்கள் ஊர்ப் பையன் எங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டான்!" என்றாள். நான்கு வருடத்துக்கும் மேலாக ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானிடம் தோற்றுக்கொண்டே இருந்ததாம். அன்று டூரண்ட் கோப்பையில் 1-0 என்று வென்றுவிட்டது. அந்த ஒரு கோலைப் போட்டவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். தன்ராஜ் காலத்து உறவு விடவில்லை பாருங்கள். மறுநாள் இலிஷ் விலை என்ன என்று கேட்டேன். "கேட்காதீர்கள்" என்றாள்.

மறு வருடம் வந்த போன் வேறு மாதிரி. 2024 ஆகஸ்டு 9-ஆம் தேதி கல்கத்தாவில் ஒரு அரசு மருத்துவமனையில், பணியில் இருந்த இளம் பெண் டாக்டர் ஒருவர் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். 14-ஆம் தேதி நள்ளிரவு பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜாதவ்பூர் 8-பி பஸ் நிலையமும் அப்படி அவர்கள் கூடிய இடம். நான் தினமும் பஸ் ஏறிய இடம் அது. மாஷிமாவின் மருமகளும் போனாள். "இரவு பன்னிரண்டு மணிக்கு அந்த இடத்தில் நான் நின்றது அதுதான் முதல் தடவை" என்றாள்.

18-ஆம் தேதி ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் ஆட வேண்டிய நாள். பாதுகாப்புக் கொடுக்க முடியாது என்று ஆட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஆட்டம் இல்லாவிட்டாலும் ரசிகர்கள் மைதான வாசலுக்கு வந்தார்கள். இரண்டு கிளப்பும் வந்தது. முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் வந்தார்கள். செத்துப்போன பெண்ணுக்கு நியாயம் வேண்டும் என்று சேர்ந்து கேட்டார்கள். போலீஸ் தடியால் அடித்துக் கலைத்தது. ஒரு கிளப்பின் சட்டை போட்டவர் மற்றக் கிளப்பின் ரசிகரைத் தோளில் தூக்கி வைத்திருந்த படத்தை நாடே பார்த்தது.

மாஷிமா அப்போது படுக்கையில். பேரன் சிவப்பும் பொன்னிறமுமான சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறான். மாடி வீட்டுப் பையனும் பச்சைச் சட்டையில் இறங்கி வந்திருக்கிறான். அன்று பால் வாங்க வந்தானே, அந்தப் பையன்தான். இப்போது அவனுக்கு நாற்பது வயதுக்கு மேல். இருவரும் ஒரே வண்டியில் போனார்களாம். "ஆட்டம் இல்லையே, எங்கே போகிறீர்கள்?" என்று மாஷிமா கேட்டிருக்கிறார். சொன்னார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செருப்பு வேண்டாம், கட்டுகிற ஷூ போட்டுக்கொண்டு போங்கள்" என்றாராம்.

நேரமாகிவிட்டது. கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் கிளம்பலாம். மற்றவர்கள் கேள்வி இருந்தால் கேளுங்கள். ஆட்ட விதி எதுவும் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. இலிஷ் குழம்பு எப்படி வைப்பது என்று வேண்டுமானால் கேளுங்கள்.